கார்லோவி வாரியின் மலைகளில் ஏன் இத்தனை கோபுரங்கள்?

செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரிக்குப் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "நகரத்துக்கு மேலே, காட்டுக்கு நடுவில் டயானா என்று ஒரு கல் கோபுரம் நிற்கிறது. போர்க்காலத்தில் கட்டிய காவல் கோபுரமா அது? தண்ணீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வருகிற ஊரில், மலையுச்சியில் போய் ஏன் கோபுரம் கட்டினார்கள்? பக்கத்து மலைகளிலும் இதேபோல் இருக்கின்றனவே, அவற்றின் கதை என்ன? ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதில் ஏறுவது?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். டயானா 1914 மே 27-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஊருக்கு வந்த நோயாளிகளும் விருந்தினர்களும் ஏறிப் பார்ப்பதற்கென்றே கட்டியது. எந்தப் படைக்கும் அதில் வேலை இருந்ததில்லை. 'கண்காணிப்புக் கோபுரம்' என்று தமிழில் எழுதும்போதே துப்பாக்கியோடு ஒருவன் மேலே நிற்கிற தோற்றம் வந்துவிடுகிறது, குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. செக் மொழியில் இதற்கு 'ரோஸ்ஹ்லெட்னா' என்று பெயர். நின்ற இடத்திலிருந்து நாலாபுறமும் பார்ப்பது என்ற வினையிலிருந்து பிறந்த சொல். தமிழில் 'காட்சிக் கோபுரம்' என்றால் சரியாக இருக்கும். நான் அப்படியே சொல்லப் போகிறேன்.

மருத்துவ ஊரில் மலைமேல் கோபுரம் எதற்கு என்பதுதான் நல்ல கேள்வி. என் பதில்: கோபுரமும் அந்த மருத்துவத்தில் சேர்ந்ததுதான். கேட்டால் வியப்பாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ள முதலில் கீழே பள்ளத்தாக்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கார்லோவி வாரி, தெப்லா என்ற சிற்றாற்றின் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் கார்ல்ஸ்பாத். இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: சார்லஸின் வெந்நீர். பேரரசர் நான்காம் சார்லஸ் 1370-இல் இதற்கு நகர உரிமை வழங்கினார். அவர் வேட்டைக்கு வந்தபோது துரத்தப்பட்ட மான் ஒன்று பாறையிலிருந்து பாய்ந்தது, பின்தொடர்ந்த வேட்டைநாய் கீழே வெந்நீர் ஊற்றில் விழுந்து அலறியது, அப்படித்தான் ஊற்று தெரியவந்தது என்பது ஊர்க் கதை. ஊற்றுகளில் பெரியதான வ்ரீட்லோ 73 டிகிரிச் சூட்டில், சுமார் 12 மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டு எழுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 லிட்டர் தண்ணீர். பக்கத்தில் நின்றால் ஆவி முகத்தில் அடித்துக் கண்ணாடி மங்கிவிடும்.

ஆரம்ப நூற்றாண்டுகளில் மருத்துவம் என்றால் குளியல்தான். அதுவும் நம் எண்ணெய்க் குளியல் போல ஒரு மணி நேரத்தில் முடிகிற விஷயமாக இருக்கவில்லை. நாளெல்லாம் வெந்நீரில் உட்கார்ந்து, தோல் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக நோய் வெளியேறுகிறது என்று நம்பினார்கள். 1522-இல் வாத்ஸ்லாவ் பாயர் என்ற மருத்துவர் இந்த ஊற்றுகளைப் பற்றி எழுதிய நூலில், இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டவர்கள், காலப்போக்கில் ஒரு நாளைக்குப் பத்து இருபது என்று தொடங்கி அதற்கும் மேலே குவளை குவளையாகக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அமிர்தமும் அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இந்தத் தண்ணீரிலோ பேதி உண்டாக்கும் உப்பு வேறு நிறைய இருக்கிறது.

இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் 18-ஆம் நூற்றாண்டின் மருத்துவர் டேவிட் பெஹர். என்னைக் கேட்டால் இந்த ஊரின் கோபுரங்களுக்கெல்லாம் கால்கோள் விழாவை நடத்திவைத்தவர் அவர்தான், ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை என்றாலும். தண்ணீரை அறைக்குக் கொண்டுபோய்க் குடிக்காதே, ஊற்றின் வாயிலேயே சூட்டோடு குடி, அளவாகக் குடி, ஒரு குவளைக்கும் அடுத்த குவளைக்கும் நடுவில் நட என்றார் அவர். இந்த நடைதான் நகரத்தின் முகத்தையே மாற்றியது. மழையிலும் நடக்க வேண்டும் என்பதால் கூரையிட்ட நீண்ட தூண் மண்டபங்கள் எழுந்தன. யோசெஃப் ஸீடெக் வடிவமைத்து 1881-இல் முடிந்த மில் மண்டபத்தில் மட்டும் 124 தூண்கள். வெயிலில் நடக்க ஆற்றங்கரைப் பாதைகள் வந்தன. பிறகு பாதைகள் மலைமேல் ஏறின.

அந்தக் குவளையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பீங்கானால் செய்த சிறு குவளை. கைப்பிடியே குழாய், கைப்பிடியின் மேல்முனையில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். சூடான தண்ணீர் பல்லில் நேராகப் படாமல் மெதுவாக இறங்குவதற்கு இந்த ஏற்பாடு. நான் வாங்கிய குவளை உள்ளங்கைக்குள் அடங்கியது. முதல் மிடறு உப்பும் இரும்பும் கலந்த சுவை, வாய் கோணிவிட்டது. ஆனால் பத்தடிக்கு ஒரு மிடறு என்று நடந்துகொண்டே குடிக்கும்போது, குவளையே நடையின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதைக் கவனித்தேன். வேகமாக நடந்தால் தண்ணீர் சிந்தும், நின்றுவிட்டால் ஆறிப்போகும். சுற்றிலும் பாட்டிமார்களும் பேரப்பிள்ளைகளும் அதே நிதானத்தில் நடந்துகொண்டிருந்தார்கள்.

மலைப்பாதைகளில் கணிசமானவற்றுக்காக ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பின்லேட்டர் பிரபு என்று ஊரார் அறிந்த ஜேம்ஸ் ஓகில்வி, இங்கே வந்து தங்கி, தன் செலவில் காட்டில் பாதைகள் போட்டார், இளைப்பாற மண்டபம் கட்டினார். நகரம் நன்றிக்கு அடையாளமாக 1804-இல் அவருக்கு ஒரு கல்தூண் நட்டது. இன்றும் காட்டில் நிற்கிறது. இப்போது ஊரைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கும் மேல் காட்டு நடைபாதைகள் இருக்கின்றன. வளைவுக்கு ஒரு மண்டபம், பாறைக்கு ஒரு பெயர், திருப்பத்தில் ஒரு பெஞ்சு. நோயாளியை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை பிடித்து மேலே அழைத்துப் போகிற பாதைகள் அவை.

1880-களில் இந்த நடைக்கு மருத்துவ உலகத்தின் முத்திரையும் கிடைத்தது. மியூனிக் மருத்துவர் மாக்ஸ் யோசெஃப் ஓர்டெல், இதய நோயாளிகளையும் உடல் பருத்தவர்களையும் படிப்படியாகச் சரிவு கூடும் பாதைகளில் ஏறச் சொல்லும் சிகிச்சை முறையை முன்வைத்தார். 'டெர்ரைன்கூர்' என்று அதற்குப் பெயர். நிலத்தையே மருந்தாக்கும் முறை. ஐரோப்பாவின் ஊற்று நகரங்கள் அதைத் தழுவிக்கொண்டன. மூச்சு வாங்க மேலே ஏறுகிறவருக்கு உச்சியில் ஏதாவது இருக்க வேண்டாமா? காடு அடர்ந்த மலை, உச்சிக்குப் போனாலும் மரங்கள்தான் தெரியும். மரங்களுக்கு மேலே தலையை நீட்டுவதற்கு ஒரு கோபுரம் தேவைப்பட்டது. ஏறியவருக்கு அதுதான் கூலி.

வேறு ஊர்களிலும் இதே கதைதான். ஜெர்மனியின் பாடன்-பாடனில் மெர்குர் மலைமேல் 1837-இலேயே கோபுரம் வந்துவிட்டது. கார்லோவி வாரிக்குப் பக்கத்து ஊரான மரியான்ஸ்கே லாஸ்னேயில் 1876-இல் கட்டிய ஹமெலிகா, வேண்டுமென்றே இடிந்த பழைய கோட்டை போலத் தோன்றும்படி எழுப்பியது. கோபுரமே இல்லாத ஊற்று நகரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கார்லோவி வாரியில் இன்று நிற்கும் கோபுரங்களில் மூத்தது 1877-இல் முடிந்த சிறிய கோபுரம். அப்போது ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசெஃபின் பெயர். இப்போது நான்காம் சார்லஸின் பெயர். இரண்டாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 'நித்திய வாழ்வு' என்ற பெயருடைய 638 மீட்டர் உயர மலையில், வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபெல்னர், ஹெர்மன் ஹெல்மர் என்ற இரட்டையர் 1889-இல் கட்டி முடித்தது. மத்திய ஐரோப்பா எங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடக அரங்குகளைக் கட்டியவர்கள் அவர்கள். கீழே ஊரில் நாடக அரங்கு, சந்தை மண்டபம், பேரரசர் குளியல் மாளிகை எல்லாம் அவர்கள் கைவண்ணம்தான். இந்தக் கோபுரத்தைப் பார்த்தாலும் மேடைக்குத் திரை தீட்டியவர்களின் கை என்று சொல்லிவிடலாம்: 42 மீட்டர் உயரம், 165 படி, காட்டுக்கு நடுவே ஒரு குட்டிக் கோட்டை.

இதன் பெயர்களை வரிசையாக எழுதினால் அதுவே அந்த நிலத்தின் நூறாண்டு வரலாறு. முதலில் பட்டத்து இளவரசி ஸ்டெபனியின் பெயர். பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டின் மகள். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ருடால்ஃபின் மனைவி. ஆனால் 1889 ஜனவரி 30-ஆம் தேதி மையர்லிங் வேட்டை மாளிகையில் ருடால்ஃப் இறந்துகிடந்தார்; உடன் இறந்தவள் பதினேழு வயதுப் பெண் மரி வெட்செரா. ஆக, கோபுரம் திறந்த ஆண்டிலேயே அந்தப் பெயருக்குரியவர் விதவை. 1918-இல் இந்த ஊரை ஆண்டுவந்த ஆஸ்திரியப் பேரரசும் போய்விட்டது. இளவரசிக்குப் பின் போஹிமியக் காடுகளை எழுதிய எழுத்தாளர் அடல்பெர்ட் ஸ்டிஃப்டரின் பெயர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டாலினின் பெயர், கடைசியில் ஜெர்மன் கவிஞர் கெதேயின் பெயர். கெதே இந்த ஊருக்குப் பதின்மூன்று முறை வந்தவர். சுத்தியலும் கையுமாக இந்த மலைகளில் அலைந்து கல் சேகரித்தவர். இங்குள்ள கருங்கல்லில், இரண்டு படிகங்கள் ஒன்றோடொன்று ஊடுருவி வளர்ந்த ஃபெல்ட்ஸ்பார் கிடைக்கும். உலகெங்கும் புவியியல் மாணவர்கள் அதைக் 'கார்ல்ஸ்பாத் இரட்டை' என்றுதான் படிக்கிறார்கள். கெதே 1832-இல் மறைந்தார். தன் பெயர் தாங்கும் கோபுரத்தில் அவர் ஏறியதே இல்லை. ஆனாலும் இத்தனை பெயர்களில் இந்த மலையைக் காலால் அறிந்தவர் அவர் என்பதால், இந்தப் பெயராவது நிலைக்கட்டும் என்று நினைக்கிறேன்.

1905-இல் சற்றுத் தள்ளி டோப்ஸ்கா மலையிலும் ஒரு கோபுரம் வந்தது. அதற்குப் பிறகுதான் டயானா.

டயானா நிற்கும் உச்சிக்கு 'நட்பு மேடு' என்று பெயர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர். ஊற்றுகளிலிருந்து கிட்டத்தட்ட 180 மீட்டர் மேலே. டயானா என்பது ரோமர்களின் வேட்டைத் தெய்வத்தின் பெயர். வேட்டையில் பிறந்ததாகக் கதை சொல்லும் ஊருக்குப் பொருத்தம். இங்கே கோபுரத்துக்கு முன்பே வந்தது இழுவை ரயில். கிராண்ட்ஹோட்டல் பூப் பக்கத்திலிருந்து புறப்படும் அந்த ரயில் 1912 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. நீளம் 453 மீட்டர், ஏற்றம் 167 மீட்டர். மூன்றடி போனால் ஓரடிக்கும் மேலே ஏறுகிற சரிவு.

இந்த ரயிலின் சூட்சுமம் நம் கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டிய மாதிரிதான். ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். ஒன்று இறங்கும் பாரம் மற்றொன்றை ஏற்றுவதற்குத் துணையாகிறது. மோட்டார் இழுக்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள பார வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டுமே. நடுவழியில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, பெட்டிகள் ஒன்றையொன்று கடந்ததும் மறுபடி ஒன்றாகிவிடும். 'மான் பாய்ச்சல்' என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் உண்டு. ஒரு பெட்டி நின்றால் மற்றதும் நின்றாக வேண்டும், வடம் ஒன்றுதானே. நான் போன அன்று எதிர்ப்பெட்டியின் ஜன்னலில் ஒரு சிறுமி எங்களைப் பார்த்துக் கையசைத்தாள், எங்கள் பெட்டி முழுவதும் பதிலுக்குக் கையசைத்தது.

மலை ஏறுவதே சிகிச்சை என்றேன். பிறகு ரயில் எதற்கு என்று கேட்கலாம், கேட்க வேண்டும். 1870-இல் நகரத்துக்கு ரயில்பாதை வந்துவிட்டது. அதன் பிறகு வந்த கூட்டத்தில் நோயில்லாதவர்களும் நிறைய, ஏற முடியாத அளவு நோயுற்றவர்களும் நிறைய. முடியாதவரை ரயிலில் மேலே ஏற்றி, காற்று வாங்க வைத்து, இறக்கத்தில் நடக்கவிட்டார்கள். இப்போது இம்பீரியல் ஹோட்டல் நிற்கும் மேட்டுக்கு 1907-இல் சுரங்கம் குடைந்து ஓர் இழுவை ரயில் ஓடியது. 1912-இல் டயானா. அடுத்து எதிர்ப்பக்கத்து 'மூன்று சிலுவை' மலைக்கும் ஒன்றைத் தொடங்கினார்கள்.

டயானா கோபுரத்துக்கு வரைபடம் தந்தவர் உள்ளூர்க் கட்டடக் கலைஞர் ஆன்டன் பிரைன்ல். கட்டியது ஃபௌஸ்கா என்ற உள்ளூர் நிறுவனம். 40 மீட்டர் உயரம், 150 படிகள். லிஃப்ட்டும் உண்டு. மேலே நின்றால் வடக்கே குருஷ்னே மலைத்தொடர் நீலமாகப் படுத்திருக்கும். வானம் தெளிவாக இருந்தால் அதில் 1,244 மீட்டர் உயர க்ளீனோவெட்ஸ் சிகரம் தெரியும். 1884-இல் அங்கும் ஒரு கோபுரம் கட்டியிருந்தார்கள். கீழே காடுதான் அதிகம் தெரியும். பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகலானது. ஊரைப் பார்க்கத்தான் ஏறினேன் என்றால் சற்று ஏமாற்றமாக இருக்கும். ஊர் எவ்வளவு பெரிய காட்டுக்குள் பதுங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் இது சரியான இடம்.

திறப்பு விழா நடந்த தேதியை மறுபடி பாருங்கள்: மே 27, 1914. அடுத்த மாதம் 28-ஆம் தேதி சராயெவோவில் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார். அதற்கு அடுத்த மாதம் 28-ஆம் தேதி ஆஸ்திரியா போர் அறிவித்தது. ரஷ்யரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒரே தூண் மண்டபத்தில் குவளையோடு நடந்த ஊர் இது. அந்தக் கோடையில் அவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள் ஆனார்கள். 'நட்பு மேட்டில்' கட்டிய கோபுரத்துக்கு அமைதியான கோடை இரண்டு மாதங்கள்தான் கிடைத்தது. மூன்று சிலுவை மலைக்கான ரயில் வேலை போரால் நின்றது, நின்றது நின்றதுதான். முடிக்காத கட்டுமானத்தின் மிச்சங்கள் இன்னும் அந்தச் சரிவில் கிடக்கின்றன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1918-இல் ஊர் செக்கோஸ்லோவாக்கியாவில் சேர்ந்தது. மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். 1938-இல் மியூனிக் ஒப்பந்தத்தால் ஹிட்லரின் ஜெர்மனி இப்பகுதியை எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் 1945-46-இல் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். கோபுரத்தைக் கட்டிய சமூகமே ஊரில் இல்லாமல் போயிற்று. கோபுரங்களும் பாதைகளும் மட்டும் வேறு மொழிப் பெயர்ப்பலகைகளோடு நின்றன. அடுத்து வந்தவர்கள் அவற்றை இடிக்காமல் ஏறி நடந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும் செய்தி.

செக் மக்களுக்குக் கோபுரங்கள் மீது தனி ஆசையே உண்டு. 1888-இல் தொடங்கிய செக் சுற்றுலாச் சங்கத்தினர் மறு ஆண்டு பாரிஸில் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து, 1891-இல் ப்ராக் நகரின் பெட்ரீன் குன்றின்மேல் அதைப்போல் சிறியதாக ஒன்றை எழுப்பினார்கள். ஜெர்மன் மலைச் சங்கங்கள் ஒரு மலையில் கட்டினால் செக் சங்கங்கள் இன்னொன்றில் கட்டின. போட்டியில் விளைந்த சொத்து இன்று எல்லோருக்கும் பொது.

2021-இல் 'ஐரோப்பாவின் பெரும் ஊற்று நகரங்கள்' என்று ஏழு நாடுகளின் பதினொரு ஊர்களை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, கார்லோவி வாரியும் அதில் இருந்தது. குளியல் மாளிகைகளோடு, சுற்றியுள்ள பாதைகளும் காடும் காட்சி இடங்களும் நோய் தீர்க்கும் நிலப்பரப்பாக அதில் சேர்ந்தே எண்ணப்பட்டன. டேவிட் பெஹர் சொன்னதும் அதுதானே.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஒரு நாள் மட்டும் இருந்தால், காலையில் ஊற்றில் ஒரு குவளை குடித்துவிட்டு ரயிலில் டயானாவுக்குப் போங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் லிஃப்ட்டை விட்டுவிட்டு 150 படியும் ஏறுங்கள். இறங்கும்போது ரயில் வேண்டாம், காட்டுப் பாதையில் வாருங்கள். வழியில் மான் பாய்ச்சல் வரும். பாறைமேல் நிற்கும் சிலையைக் கவனித்துப் பாருங்கள்: கதையில் பாய்ந்தது மான், சிலையில் நிற்பதோ ஷமாய் என்னும் மலையாடு. 1851-இல் வைத்தது, ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதற்குச் சற்று அருகில் 1804-இல் கட்டிய மையர் மண்டபம் இருக்கிறது. டயானாவின் உச்சியிலிருந்து தெரியாத ஊர், அங்கே காலடியில் விரியும்: கூரைகள், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம், நடுவில் ஊற்றின் வெண்மையான ஆவி. இன்னொரு அரை நாள் கிடைத்தால் எதிர்ப்பக்க மலையேறிக் கெதே கோபுரத்துக்குப் போங்கள். அங்கே ரயில் இல்லை, 165 படிகளுக்கு முன்னால் காட்டில் நல்ல ஏற்றமும் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள்; ஊற்றுத் தண்ணீர் தாகத்துக்கு ஆகாது.